மேசையைத் திருப்பு

4.9.94, ஞாயிறு

சலவைப் பகுதியிலிருந்து என்னை இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். இதுவரை கிழவர்களின் துணிகளைக் கழுவினேன், இனிக் கிழவர்களையே கழுவலாம். பதவி உயர்வு என்று சொல்லி சிஸ்டர் எல்ஃப்ரீடே கை கொடுத்தாள். இந்த ஜேர்மன் முதியோர் இல்லத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

எனக்கு ஏழு அறைகள். ஆறில் இருப்பவர்கள் வாயில்லாப் பூச்சிகள். ஏழாவதில் ஹெர் லோடெமான். எண்பதை எட்டப் போகிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மத்தியானம் ஞாபகமில்லை, ஐம்பது வருடத்துக்கு முந்தியது மட்டும் கண்முன்னால் நிற்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் டாங்கிப் படைக் கப்டனாம். கழுத்தில் தொங்கவிடும் இரும்புச் சிலுவை வாங்கியவர். அது கட்டிலுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஒரு படம். டாங்கியின் பீரங்கிக் குழலில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார். குழலைச் சுற்றி வெள்ளை மையில் வளையங்கள். அடித்து நொறுக்கிய டாங்கிக்கு ஒன்று வீதம் கீறுவார்களாம். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலைந்து பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வளையம் இல்லை.

"ஊரில என்ன வேலை செய்தனி?" என்று கேட்டார். அவர் பேசுவது ஜேர்மன்தான், எழுதும்போது எனக்கு எங்கள் பேச்சாகவே வருகிறது. பருத்தித்துறை டிப்போவில் பஸ் சாரதி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"சாரதியோ! அப்ப நீ வில்லி."

இராசநாயகம் என்று என் பெயரைச் சொன்னேன். அது அவருக்கு மூன்று ஊர் தூரம். வில்லியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒரு தொல்லை. கட்டிலுக்குக் குறுக்கே வரும் சில்லு மேசையில்தான் சாப்பாடு கொடுக்கிறோம். கொடுத்து முடித்து வெளியே போக வெளிக்கிட்டால், "மேசையைத் திருப்பு!" என்று கத்துகிறார். மேசை அவருக்கு மேலே இருக்கும்போது ஒருவரும் அறையை விட்டுப் போகக் கூடாது. தள்ளி, சுவரோடு சாய்த்துவிட்டுத்தான் போகவேண்டும். மறந்தால் கரண்டியால் மேசையில் தட்டத் தொடங்கிவிடுவார். பெரிய மனிதர்களின் வியாதிகளும் பெரிசு.

5.9.94

என் மனைவி நாகேசுக்குக் கிழவரைப் பற்றிச் சொன்னது என் பிழை. இரவுச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை.

"இஞ்சேருங்கோ, அந்த ஐயா டாங்கிக்காரர் எண்டால் அவருக்குத் தெரியுந்தானே?"

"என்ன?"

"உள்ளுக்க இருந்தவைக்கு நொந்திருக்குமோ எண்டு."

குகனைப் பற்றித்தான் கேட்கிறாள். மூன்று வருடமாக இந்த ஒரே கேள்விதான். எங்கள் மூத்தவன் இரும்புத் தகடு அடித்த புல்டோசரை ஓட்டிக்கொண்டு இராணுவ முகாமுக்குள் போனவன். இருபத்தொரு வயது. செல் குண்டு நேரே விழுந்தது, ஒரு நொடியில் போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று இயக்கத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அவனுக்கு ஒரு பட்டமும் இல்லை. செத்த மறுநாள், இயக்கம் வைத்த பெயரோடு, கப்டன் எழிலன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் பிள்ளைகள் இறந்தால் மட்டும்தான் ஆயிரம்.

"கேளுங்கோவன்," என்றாள்.

"கேக்கிறன்," என்றேன்.

19.9.94

கேட்கவில்லை.

2.10.94

இன்று குளிக்க வார்க்கும்போது கிழவர் நல்ல தெளிவு. தன் சரித்திரத்தை ஒப்புவித்தார். பேக்கரிக்காரனின் மகன். பாணுக்கு மா குழைக்கப் பிடிக்காமல் படையில் சேர்ந்தவர். போலந்துக்குள் போனார், பிரான்சுக்குள் போனார், பிறகு ரஷ்யா. போன இடமெல்லாம் சம்மந்தி வீட்டுக்குப் போய் வந்ததுபோலச் சொல்கிறார். எங்கே என்ன சாப்பிட்டார், எந்த ஊரில் சேறு கூடுதல், எந்த ஊர்க் கோழி ருசி.

"அந்தக் கோழிகளின்ர சொந்தக்காரர்?" என்று கேட்டேன்.

"ஓடிட்டாங்கள்," என்றார். "டாங்கியைக் கண்டால் ஆர் நிப்பான்?"

எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கைக்குள் டாங்கி வந்த நாளில் நான் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் முகம் குப்புறக் கிடந்தேன். மண் அதிர்ந்தது பல்லில் தெரிந்தது. அதை ஓட்டி வந்தவனும் எங்கேயோ ஒரு முதியோர் இல்லத்தில் கோழிக்கறியைப் பற்றிச் சொல்லுவான்.

முதுகைத் தேய்த்துவிட்டேன். தோள்பட்டையில் பழைய எரிகாயம். அதைத் தொட்டதும் கோழிப் பேச்சை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குழல் நேரே நிக்குதோ, வில்லி?"

"நிக்குது."

"பொய் சொல்லாதை."

11.10.94

மழை. நாகேசுக்கு முழங்கால் வலி. கிழவருக்கு வயிற்றுப்போக்கு. நான் நலம்.

30.10.94, ஞாயிறு

கிழவரின் எண்பதாவது பிறந்தநாள். கீழ் மண்டபத்தில் கேக்கும் கோப்பியும். பழைய படையினர் சங்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. எல்லோருக்கும் மூட்டு வலி, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கழுத்துப்பட்டி. தலைவர் ஹெர் வோபர்ஸ். யுத்தம் முடியும்போது அவர் பள்ளிக்கூடப் பொடியனாம். அதனால்தான் அவருக்கு எல்லாம் தெரியும்.

சிலுவையைச் சட்டத்திலிருந்து எடுத்துக் கிழவரின் கழுத்தில் மாட்டினார்கள். அதற்கு ஆசைப்பட்டுப் பாய்கிறவனை அந்தக் காலத்தில் "தொண்டை நோ பிடித்தவன்" என்பார்களாம். ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். கிழவர் சிரிக்கவில்லை. கேக் கிறீமைச் சிலுவையில் சிந்திக்கொண்டிருந்தார், நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வோபர்ஸ் எழும்பிப் பேசினார். டாங்கி தீப்பிடித்தது. எதிரி நாலு பக்கமும். கப்டன் லோடெமான் பதறவில்லை. தன் ஆட்களை முதலில் இறக்கினார். எரியும் டாங்கியிலிருந்து கடைசியாக வெளியே வந்தவர் அவர்தான். உடனே இன்னொரு டாங்கியில் ஏறிச் சண்டையைத் தொடர்ந்தார். அதற்குத்தான் இந்தச் சிலுவை. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஊரில் இவர்களுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கடமை என்பார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது எங்கள் ஊர்க் கணக்கு. இந்த ஊரில் ஐம்பது வருடம் ஓடுகிறது.

கை தட்டல் அடங்கியதும் கிழவர் கேட்டார், நல்ல உரத்த குரலில்.

"வில்லி எங்க?"

வோபர்ஸ் குனிந்து, "உங்கள் சாரதி வில்லி வீரமரணம் அடைந்தான், ஹெர் கப்டன்," என்றார்.

கிழவர் என்னைக் கையால் காட்டினார். "இஞ்ச நிக்கிறான்."

எல்லோரும் என் கறுத்த முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சம்பளத்தில் அதுவும் அடக்கம்.

31.10.94

பிறந்தநாள் பரிசாக ஒரு சின்ன டாங்கி கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக், ஆனால் கைதேர்ந்த வேலை. சில்லு சுழலும், மூடிகள் திறக்கும், தலைப்பகுதி குழலோடு சேர்ந்து சுற்றும்.

சாரதிப் புத்தி, நான் முதலில் பார்த்தது சாரதியின் இடத்தைத்தான். முன்பக்கம், மேலே பார்த்த ஒரு சின்ன மூடி. அது ஒன்றுதான் அவனுக்கு வெளியேற நேர் வழி. விரலால் திறந்து பார்த்தேன், திறந்தது. பிறகு தலைப்பகுதியைக் கொஞ்சம் திருப்பினேன். குழல் மூடிக்கு மேலே வந்து நின்றது. மறுபடி திறந்தேன். குழலில் முட்டியது. திறக்கவில்லை.

கட்டிலைப் பார்த்தேன். கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பு," என்றார்.

திருப்பிவிட்டேன். மேசையையும்.

2.11.94

தீபாவளி. குகன் போனதிலிருந்து நாகேஸ் பலகாரம் சுடுவதில்லை. எண்ணெய்ச் சட்டி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்றே தெரியாது.

12.11.94, சனி

இயக்கத்துக்கு வேலை செய்யும் சுதன் வந்தான். நல்ல பொடியன், வாய் நிறைய அம்மா, ஐயா. மாவீரர் நாள் வருகிறது, வரவேணும் என்று சொல்ல வந்தவன் ஒரு வீடியோ கசெட்டும் கொண்டுவந்தான்.

"அம்மா, எழிலன் அண்ணை இதில வாறார். போறதுக்கு முதல் எடுத்தது."

நாகேஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள். கதிரையில் இரு என்றேன், கேட்கவில்லை.

புல்டோசர் வந்தது. சுற்றிவரத் தகடு, முன்னால் பார்க்க ஒரு கீற்றுத் துவாரம். குகன் மெலிந்திருந்தான். தாடி வளர்க்கப் பார்த்திருக்கிறான், சரிவரவில்லை. யாரோ ஏதோ சொல்லச் சிரித்தான். கையைக் காட்டிவிட்டு உள்ளே ஏறினான். என்னைப் போலவே இடது காலை முதலில் வைத்தான். அது நான் பழக்கியது.

நான் கதவைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். முப்பது வருடம் சாரதியாக இருந்தவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? அவன் ஏறியதும் வெளியே நின்ற இரண்டு பொடியள் தகட்டைத் தூக்கிப் பொருத்தினார்கள். ஒருவன் பெரிய சாவியால் நட்டுகளை இறுக்கினான். வெளியிலிருந்து. நல்லாய் இறுகிவிட்டதா என்று தட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து குகனும் பதிலுக்குத் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"தம்பி, அந்தச் சிரிக்கிற இடத்தைத் திருப்பிப் போடப்பு," என்றாள் நாகேஸ்.

சுதன் போட்டான். சிரித்தான், ஏறினான், இறுக்கினார்கள், தட்டினான்.

"இன்னொருக்கா."

நான் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன். தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது. சுதன் போகும்போது வாசலில் கேட்டேன்.

"கதவு ஏன் வெளியால பூட்டினது?"

"உள்ளுக்க இடமில்லை ஐயா. பொறுப்பாளர் சொன்னவர், தகடு கழண்டு விழாமல் இருக்கவேணுமெண்டு." அவனுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "அண்ணைக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது, ஐயா. செல் நேர விழுந்தது."

"நீர் நிண்டனீரோ?"

"நான் அப்ப இஞ்ச."

16.11.94, புதன்

இன்று இங்கே விடுமுறை. பாவத்துக்கு வருந்தி மன்றாடும் நாளாம். அடுத்த வருடத்திலிருந்து இந்த விடுமுறை கிடையாதாம். கிழடுகளைப் பராமரிக்கும் காப்புறுதிக்குக் காசு சேர்க்க அதை எடுத்துவிட்டார்கள். வருந்துவதைவிடக் கழுவுவது லாபம்.

மாடியில் ஆட்கள் குறைவு. கிழவருக்குச் சூப் பருக்கினேன். நல்ல தெளிவோ, நல்ல மயக்கமோ தெரியவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இரண்டு மாதமாக விழுங்கி வைத்திருந்த கேள்வி. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், வில்லியாகவே கேட்டேன்.

"ஹெர் கப்டன், நான் வெளியால வந்தனானோ?"

என் கையை விட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்தார்.

"இல்லை, வில்லி. நீ வரேல்லை."

"ஏன்?"

"குழல் உன்ர மூடிக்கு மேல நிண்டது. மற்றவங்கள் மேலால குதிச்சிட்டாங்கள். நான் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும், வில்லி. நாலு விரக்கடை. இறங்க முதல் குழலைத் திருப்பி விடவேணும், அதுதான் சட்டம். பொடியளுக்குப் படிப்பிச்சதே நான்தான்."

"திருப்பேல்லையோ?"

"நெருப்பு வந்திட்டுது. நான் குதிச்சிட்டன்."

"நான் தட்டினனானோ?"

"தட்டினாய்."

"எவ்வளவு நேரம்?"

கேட்டுவிட்டேன். நாகேசின் கேள்விதான், என் வார்த்தையில்.

"வாய்க்காலுக்கு ஓடினன், கேட்டுது. அதுக்குள்ள படுத்தன், கேட்டுது. அங்கால எங்கட மற்ற டாங்கி நிண்டது. அதில ஏறி, அதின்ர எஞ்சின் இரைஞ்சாப் பிறகுதான் கேக்கேல்லை. அதுக்காகத்தான் ஏறினனான். சண்டைக்கில்லை."

சூப் ஆறிவிட்டது. வாயைத் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது சொன்னார்.

"கடைசியா வெளியால வந்தவன் நான் எண்டு எழுதினவங்கள். உண்மைதானே, வில்லி? எனக்குப் பிறகு ஒருத்தரும் வரேல்லை."

17.11.94

மத்தியானம் கிழவருக்குச் சாப்பாடு கொடுத்தேன். தட்டை எடுத்தேன். மேசையைத் திருப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு நடையில் நின்றேன்.

முதலில் கத்தினார். பிறகு தட்டினார். கரண்டியை நான் எடுத்து வந்துவிட்டபடியால் கையால்தான். கை எலும்பு மேசையில் படுகிற சத்தம் அவ்வளவு பெரிதில்லை, ஆனால் கதவுக்கு வெளியே கேட்கிறது. நல்லாய்க் கேட்கிறது.

சிஸ்டர் எல்ஃப்ரீடே அந்தப் பக்கம் போனாள். "என்ன சத்தம்?"

"ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்," என்றேன்.

அடங்கட்டும் என்றுதான் நின்றேன். வில்லிக்காக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தட்டத் தட்ட உள்ளே இருப்பது யார் என்று எனக்குக் குழம்பிவிட்டது.

பிறகு போய்த் திருப்பிவிட்டேன். பிறகு என்றால் எப்போது என்று இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன். விரல் மூட்டுகள் சிவந்திருந்தன. மருந்து பூசினேன். கிழவர் என்னைத் திட்டவில்லை. "நன்றி, வில்லி," என்றார்.

20.11.94, ஞாயிறு

நாகேஸ் கசெட்டை இந்தக் கிழமை முழுக்க ஓடவிட்டிருக்கிறாள். சிரிக்கிற இடத்தில் நாடா தேய்ந்து கோடு விழத் தொடங்கிவிட்டது. அவள் முகத்தை மட்டும்தான் பார்க்கிறாள். அப்படித்தான் நினைக்கிறேன். இன்று சோறு போடும்போது கேட்டாள்.

"அந்த ஐயாவிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னவாம்?"

"உடனேயாம். ஒரு நொடியாம். உள்ளுக்க இருக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாதாம். சத்தங்கூடக் கேளாதாம்."

"அவருக்கு வடிவாத் தெரியுமோ?"

"தெரியாமலோ? அவருக்குச் சிலுவையெல்லே குடுத்து வைச்சிருக்கிறாங்கள்."

நாகேஸ் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டாள், மூன்று வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. பிறகு எழும்பித் தன் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டாள். மீன் துண்டும் எடுத்தாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தட்டு அப்படியே இருந்தது.

"நல்ல மனிசன் போல," என்றாள். "இன்னொருத்தன் எண்டால் ஆறுதலாச் சொல்லியிருப்பானோ?"

21.11.94

விடிய எழும்பினால் வீடு முழுக்க எண்ணெய் வாசனை. நாகேஸ் அடுப்படியில் நிற்கிறாள். எண்ணெய்ச் சட்டி எந்தப் பெட்டிக்குள் இருந்ததென்று அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

"அரியதரம். பல்லில்லாத ஆள் எண்டு மெத்தெண்டு சுட்டிருக்கிறன்," என்று சொல்லி அந்த அரிசிமா இனிப்பு நிறைந்த டப்பா ஒன்றை நீட்டினாள். "என்ர பிள்ளைக்கு நோகேல்லை எண்டு சொன்ன வாய். இனிப்பாத் தின்னட்டும். குகனின்ர அம்மா தந்துவிட்டதெண்டு சொல்லுங்கோ."

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் குப்பைத்தொட்டி இல்லாத தரிப்பிடம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் பார்த்தேன். டப்பா சூடாக இருந்தது.

கிழவரை நிமிர்த்தி இருத்தினேன். மேசையை இழுத்தேன். அரியதரத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக் கோப்பியில் நனைத்து வாயில் வைத்தேன்.

"ஆர் செய்தது?"

"என்ர மனிசி."

குகனின் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

"நல்லாயிருக்கு, வில்லி. உனக்கு?"

எனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டேன். நல்ல பதம். மூன்று வருடத்துக்குப் பிறகும் அவளுக்குக் கை தப்பவில்லை. இருவருமாக டப்பாவை முடித்தோம்.

வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்து, மேசையைச் சுவர்வரைக்கும் தள்ளித் திருப்பிவிட்டு வந்தேன். திருப்பச் சொல்லி அவர் கேட்கவில்லை.